சேப்பாக்கம் ஸ்டேடியம்: வரலாறும் புதுப்பிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களும், டிவியில் மட்டும் சேப்பாக்கத்தைப் பார்த்தவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. ஸ்கோர் விவரங்களைவிடக் கட்டடத்தைப் பற்றி, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு நிழல் கிடைத்தது என்பதைப் பற்றி அதிகமாகப் பேசியிருக்கிறேன். அந்த மைதானத்தின் கதையில் பாதி அதுதான் என்பது என் எண்ணம்.

சேப்பாக்கம் மைதானத்துக்கு என்ன வயது?

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் ஆரம்பிக்கப்பட்டது. முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். 1865-ல் சேப்பாக்கத்தில் இடம் கிடைத்து இங்கே வந்தார்கள். அதாவது ஆடுகளத்துக்கு வயது 150-ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவில் இதைவிடப் பழைய சர்வதேச மைதானம் என்று பார்த்தால் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் ஒன்றுதான். அது ஓராண்டு மூத்தது.

ஆனால் இன்று நீங்கள் பார்க்கிற கான்கிரீட், கூரை, நாற்காலி எதற்கும் அந்த வயது கிடையாது. பெரும்பகுதி 2009-க்குப் பிறகு கட்டியது. பழையது என்று சொல்ல நடுவில் இருக்கிற புல்வெளியின் இடம் மட்டும்தான் மிச்சம்.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

ஆற்காடு நவாபின் அரண்மனை வளாகம். சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் கட்டப்பட்டது. இன்றும் வாலாஜா சாலைக்கு அருகே அரசு அலுவலகங்களோடு நிற்கிறது. 1855-ல் நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் ஆங்கிலேயர்கள் சொத்தை எடுத்துக்கொண்டார்கள். வளாகம் துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு கிரிக்கெட் கிளப்புக்கு வந்தது. மைதானத்துக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் மெரினா. சேப்பாக்கத்தின் கடற்காற்று, ஈரப்பதம், பிட்ச் பற்றிய பேச்செல்லாம் இந்த இருப்பிடத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

பழைய பெவிலியன் என்ன ஆனது?

கிளப் இங்கே வந்ததும் 1860களிலேயே ஒரு பெவிலியன் கட்டினார்கள். பின்னர் 1890களில் ஹென்றி இர்வின் வடிவமைத்த இரண்டாவது பெவிலியன் வந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் வேலை செய்த அதே இர்வின்தான். மரமும் ஓடும் திறந்த வராந்தாவுமாக இருந்த அந்தக் கட்டடம், மைதானத்தைச் சுற்றி கான்கிரீட் கேலரி எழுப்பிய காலத்தில் இடிக்கப்பட்டது.

இடித்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். லண்டன் லார்ட்ஸில் 1890-ல் கட்டிய பெவிலியனை வைத்துக்கொண்டே சுற்றிலும் புதிய ஸ்டாண்டுகளைக் கட்டினார்கள். இங்கே அப்படி யோசிக்கவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: அந்த வராந்தாவில் யார் உட்காரலாம் என்ற கணக்கை அறிந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் அவ்வளவு பாசம் இருந்திருக்காது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

இந்தியர்களுக்கு அந்த மைதானத்தில் இடம் இருந்ததா?

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களின் கிளப். இந்தியர்கள் ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் இடம் கிடையாது, மரத்தடிதான். இந்தப் பாகுபாட்டைப் பொறுக்க முடியாத புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். இந்தியர்களுக்குச் சொந்த மைதானம், நல்ல உபகரணம், பயிற்சி எல்லாம் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதும் போட்டிக்கு 1908 டிசம்பரில் அவரே ஏற்பாடு செய்தார். போட்டி தொடங்குவதற்குள் இறந்துவிட்டார். போட்டி மட்டும் நிற்கவில்லை. அது பின்னர் பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடந்தது. 1950களின் தொடக்கம் வரை அது நீடித்தது. சென்னையில் இன்றும் நடக்கிற புச்சிபாபு போட்டி அவர் நினைவாகத்தான்.

முதல் டெஸ்ட் எப்போது?

1934 பிப்ரவரி 10. இந்தியாவுக்கு வந்த டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணியோடு, அந்தத் தொடரின் மூன்றாவது டெஸ்ட். இந்திய கேப்டன் சி. கே. நாயுடு. அமர் சிங் முதல் இன்னிங்ஸில் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி 49 ரன்னுக்கு 7 எடுத்தார். இங்கிலாந்து 202 ரன்னில் ஜெயித்தது. பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசவைத்த 'பாடிலைன்' உத்தியால் புகழ்பெற்ற ஜார்டினுக்கு அதுதான் கடைசி டெஸ்ட் என்பது பலருக்குத் தெரியாது.

அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டமும் இங்கேதான். மெட்ராஸும் மைசூரும் மோதின. ஏ. ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

இந்தியா முதன்முதலில் டெஸ்ட் ஜெயித்தது இங்கேதானா?

ஆம், 1952 பிப்ரவரியில். டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து 20 ஆண்டு ஆகியிருந்தது. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 4. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆட்டம் தொடங்கிய நாளில்தான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்ஹாமில் இறந்த செய்தி வந்தது. அதனால் ஓய்வு நாளை மாற்றி வைத்தார்கள்.

பிறகு ஏன் கிட்டத்தட்ட பத்து ஆண்டு வேறு மைதானத்தில் ஆடினார்கள்?

1956 முதல் 1965 வரை மெட்ராஸ் டெஸ்ட்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம் அது. சேப்பாக்கம் அப்போது கிளப்பின் கையில் இருந்தது. மாநில கிரிக்கெட் சங்கம் அங்கே கிட்டத்தட்ட குடித்தனக்காரர் நிலையில்தான் இருந்தது. பெரிய போட்டி நடத்தவும் கேலரி கட்டவும் நினைக்கிற சங்கத்துக்கு அது ஒத்துவராது இல்லையா? 1960களில் சங்கம் இடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான் டெஸ்ட் திரும்பவும் சேப்பாக்கத்துக்கு வந்தது. கிளப் வெளியே போகவில்லை. அதே வளாகத்தில் தன் பகுதியோடு இன்றும் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இரண்டு பேர் என்ற இந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டு கழித்து எப்படி வெடித்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தையும் சும்மா சொல்லக்கூடாது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை, 52 ஆண்டு நின்றது. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை முதன்முறையாகத் தொடரில் வென்றதும் அங்கே ஆடிய டெஸ்ட்டோடுதான். பட்டோடியின் முதல் டெஸ்ட் சதமும் அதே ஆட்டத்தில். அந்த மைதானம் 1993-ல் கால்பந்துக்கும் தடகளத்துக்குமாக முழுக்கத் திருத்திக் கட்டப்பட்டது. அத்தோடு கிரிக்கெட் அங்கிருந்து விடைபெற்றது.

எம். ஏ. சிதம்பரம் யார்?

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். தொழிலதிபர், ஸ்பிக் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1960களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தார். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். சேப்பாக்கத்தில் நிரந்தர ஸ்டேடியம் வர அவர்தான் முதல் காரணம் என்பதால் அவர் பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் அந்தப் பெயர் இருக்கும். ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது சேப்பாக்கம் என்றால் போதும்.

பொங்கல் டெஸ்ட் என்றால் என்ன?

ஜனவரி நடுவில், பொங்கல் விடுமுறையை ஒட்டி நடத்தப்பட்ட டெஸ்ட். பிரசிடென்சி மேட்ச் விட்டுச்சென்ற பழக்கம் இது என்று சொல்லலாம். 1967-ல் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய டெஸ்ட்டே பொங்கல் டெஸ்ட்தான்: வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹாலையும் கிரிஃபித்தையும் ஃபரூக் இன்ஜினியர் அடித்து நொறுக்கி, முதல் நாள் உணவு இடைவேளைக்குள் 94 ரன் எடுத்தார். 1975-ல் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் குண்டப்பா விஸ்வநாத் அவுட் ஆகாமல் 97. அணியின் மொத்தமே 190. சென்னையின் மூத்த ரசிகர்களிடம் சிறந்த இன்னிங்ஸ் எது என்று கேட்டுப் பாருங்கள். பல இரட்டைச் சதங்களை விட்டுவிட்டு அந்த 97-ஐத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

1977-ல் இங்கிலாந்தின் ஜான் லீவர் பந்தில் வாஸ்லின் தடவினார் என்று எழுந்த சர்ச்சை, 1979-ல் வெஸ்ட் இண்டீஸ் வேகத்துக்கு நடுவே விஸ்வநாத்தின் 124, 1982-ல் அவருடைய 222 என்று எல்லாமே ஜனவரி ஆட்டங்கள். சர்வதேச அட்டவணையை டிவி வருமானம் தீர்மானிக்க ஆரம்பித்த பிறகு பொங்கல் தேதி தானாகக் கழன்று போனது.

1986 'டை' டெஸ்ட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

டெஸ்ட் வரலாற்றில் 'டை', அதாவது இரண்டு அணியின் ரன்னும் சமமாகி முடிந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று 1960-ல் பிரிஸ்பேன். மற்றொன்று 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில். கடைசி நாளில் ஆஸ்திரேலியா டிக்ளேர் செய்ய, இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் ஸ்கோர் சமம், கைவசம் ஒரு விக்கெட், எதிர்முனையில் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி. கடைசிக்கு முந்தைய பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. கிரெக் மேத்யூஸுக்கு அது ஆட்டத்தின் பத்தாவது விக்கெட்.

கட்டடத்தைப் பற்றிப் பேசுகிற இந்தப் பக்கத்தில் அந்த ஆட்டம் வருவதற்குக் காரணம் வெயில். டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்தார். நடுவில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார். இனி முடியாது என்று சொன்னபோது கேப்டன் ஆலன் பார்டர், அப்படியானால் என் மாநிலத்து ஆள், குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிடுகிறேன் என்று சீண்டி ஆடவைத்தார். அவுட் ஆன பிறகு ஜோன்ஸை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். ஆட்டக்காரருக்கு அந்தக் கதி என்றால், கூரையில்லாத கேலரியில் ஐந்து நாளும் கான்கிரீட் படியில் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

மெரினா பக்கத்தில்தானே, காற்று வராதா என்று கேட்பார்கள். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். அதுவும் சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் எங்கிருந்து வரும்? அடுத்து வந்த புதுப்பிப்பு கையில் எடுத்த பிரச்சினை இதுதான்.

இரவு விளக்குகள் எப்போது வந்தன?

1996 உலகக் கோப்பைக்குள் வந்துவிட்டன. அதில் இங்கே நடந்த காலிறுதியே பகலிரவு ஆட்டம்தான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடின. கிறிஸ் ஹாரிஸ் 130 அடித்தும், மார்க் வா 110 அடித்து ஆட்டத்தைக் கொண்டுபோய்விட்டார்.

2009–2011 புதுப்பிப்பில் என்ன மாறியது?

பெரிய மாற்றம் கூரை. அதற்கு முன்பு கேலரிக்குக் கூரை இருந்த இடங்களிலும் தடித்த தூண்கள் நடுவே நின்று பார்வையை மறைத்தன. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, பந்துவீச்சாளர் ஓடிவருவதை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கூட்டத்தின் சத்தத்தில் புரிந்துகொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

2011 உலகக் கோப்பைக்காக லண்டனின் ஹாப்கின்ஸ் ஆர்க்கிடெக்ட்ஸும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் சேர்ந்து புதிய வடிவம் கொடுத்தார்கள். ஹாப்கின்ஸ் என்றால் லார்ட்ஸ் மைதானத்தில் 1987-ல் வந்த மவுண்ட் ஸ்டாண்டின் கூடாரக் கூரையை வடிவமைத்தவர்கள். அதன் தூரத்துச் சொந்தத்தைத்தான் சேப்பாக்கத்தில் பார்க்கிறோம். கூம்பு கூம்பாக நிற்கிற வெள்ளைக் கூரை கான்கிரீட்டோ தகரமோ கிடையாது. கண்ணாடி இழையில் நெய்த துணிமேல், நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற அதே வகைப் பொருளைப் பூசிய மென்படலம். எஃகுக் கம்பி வடங்கள் அதை இழுத்துப் பிடித்து நிற்க வைக்கின்றன. எடை குறைவு என்பதால் முன்பக்கத் தூண் தேவையில்லை. தூண் போனதும் பார்வை திறந்துகொண்டது. வெயிலை மறைத்தாலும் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும். கீழே இருட்டாக இருக்காது. சூடான காற்று மேலே போகக் கூம்பு வடிவம் வசதி. அழுக்கும் எளிதில் ஒட்டாது, மழையே கழுவிவிடும்.

ஸ்டாண்டுகளைத் தனித்தனித் துண்டுகளாக இடைவெளி விட்டுக் கட்டியது இன்னொரு நல்ல காரியம். அந்த இடைவெளி வழியாகக் கடற்காற்று வரட்டும் என்பதுதான் யோசனை. ஏசி போட முடியாத ஒரு கட்டடத்துக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

2011 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டங்கள் இங்கே நடந்தன. அதில் இந்தியா–வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்தில் யுவராஜ் சிங் 113 அடித்தார்.

மேல் ஸ்டாண்ட் படிக்கட்டு ஏன் இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது?

இருக்கை வரிசைகளின் சரிவு 36 டிகிரி வரை இருக்கிறது. சரிவு அதிகமானால் முன்வரிசைக்காரர் தலை உங்கள் பார்வையை மறைக்காது. அதோடு பின்வரிசையும் மைதானத்துக்குக் கிட்டத்தில் வரும். சரிவைக் குறைத்தால் ஸ்டாண்ட் பின்னோக்கி நீண்டுகொண்டே போகும்; நகர நடுவில் அதற்கு இடம் ஏது? மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏறுவது கஷ்டம்தான். வீட்டில் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தள டிக்கெட் பாருங்கள்.

ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளை ஏன் பூட்டி வைத்தார்கள்?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூன்று புதிய ஸ்டாண்டுகள், பார்வையைக் கெடுக்காத கூரை, வரிசையாக நாற்காலி. ஆனால் 2012-ல் இருந்து பல ஆண்டுகள் அவை காலி. டிவியில் சிக்ஸர் போய் விழுகிற இடத்தில் ஆளே இல்லாததைப் பார்த்தவர்கள், சென்னையில் கூட்டம் வரவில்லை என்றுகூட நினைத்துக்கொண்டார்கள்.

காரணம் கட்டட அனுமதி. ஸ்டாண்டுக்கும், அதை ஒட்டியிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக்கூடத்துக்கும் நடுவே விதிப்படி விடவேண்டிய இடைவெளி இல்லை. ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி போக வழி வேண்டும், நெரிசல் வந்தால் கூட்டம் வெளியேற வழி வேண்டும். அந்த விதி வெறும் காகிதச் சடங்கு கிடையாது. மாநகராட்சி சீல் வைத்தது. விஷயம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலம் அரசுடையது, சங்கமும் கிளப்பும் குத்தகைக்காரர்கள் என்பதால் குத்தகைப் புதுப்பிப்பும் கூடவே சிக்கிக்கொண்டது. 1960களில் ஒரே வளாகத்தில் இருவர் என்று செய்துகொண்ட ஏற்பாட்டின் விலை இது.

இதனால் உண்மையான நஷ்டமும் வந்தது. 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி முறைப்படி சென்னைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று ஸ்டாண்டுகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் அது ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. பிறகு உடற்பயிற்சிக்கூடம் அகற்றப்பட்டு, அனுமதி கிடைத்து, 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட்டில்தான் அந்த மூன்றும் பொதுமக்களுக்குத் திறந்தன. கொரோனா காலம் என்பதால் அப்போதும் பாதிக் கூட்டம்தான். அஸ்வின் அந்த ஆட்டத்தில் சொந்த ஊரில் சதம் அடித்தார், விக்கெட்டும் 8 எடுத்தார்.

யார் மேல் தப்பு என்று கேட்பவர்களுக்கு: அனுமதியை முழுதாக வாங்காமல் உலகக் கோப்பை அவசரத்தில் கட்டியது தவறு. கட்டி முடித்த பிறகு, உள்ளதைச் சரிசெய்ய இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய தவறு.

2023-ல் புதிதாக என்ன கட்டினார்கள்?

2011-ல் தொடாமல் விட்ட பக்கம் இது. வீரர்கள் அறை, பத்திரிகையாளர் பகுதி எல்லாம் இருந்த பழைய அண்ணா பெவிலியனையும், பக்கத்தில் இருந்த எம்சிசி (மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்) ஸ்டாண்டையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். செலவு 139 கோடி ரூபாய். கலைஞர் மு. கருணாநிதி ஸ்டாண்ட் என்று பெயர். 2023 மார்ச் 17 அன்று முதல்வர் மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார், தோனியும் விழாவில் இருந்தார். ஐந்து நாள் கழித்து இந்தியா–ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம் நடந்தது. இந்தியா 21 ரன்னில் தோற்றது, அதை விடுங்கள்.

இதன்பிறகுதான் கூரை ஒரே தோற்றத்தில் மைதானத்தைச் சுற்றி வந்தது. ஏப்ரல் 3-ம் தேதி சிஎஸ்கே ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சொந்த மைதானத்தில் இறங்கியபோது ஸ்டேடியம் முதல்முறையாக முழு வட்டமாக மஞ்சள் நிறத்தில் நிறைந்தது.

இப்போது எத்தனை பேர் உட்காரலாம்?

சுமார் 38,000 பேர். பழைய காலத்தில் இதைவிட அதிகம் பேர் பார்த்தார்கள் என்று சொல்வது உண்மைதான். அப்போது படியிலும் பெஞ்சிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலி என்று வந்ததும் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

சேப்பாக்கம் பிட்ச் என்றாலே ஸ்பின்தானா?

பொதுவாகப் பார்த்தால் ஆம். 1988-ல் நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்ட்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டுகளை 136 ரன்னுக்கு எடுத்தது இங்கேதான். 2001-ல் ஹர்பஜன் ஆஸ்திரேலியாவின் 15 விக்கெட்டுகளை எடுத்ததும் இங்கே. ஆனால் களிமண் எல்லாம் ஒன்றல்ல. மைதான நடுவில் பிட்ச்கள் வரிசையாக இருக்கும் சதுரத்தில் செம்மண் பிட்சும் உண்டு, கரிசல் மண் பிட்சும் உண்டு. செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும். கரிசலில் தாழ்ந்து, மெதுவாக வரும். எந்தப் பிட்சில் ஆட்டம் என்று தெரிந்தாலே பாதி விடை தெரிந்த மாதிரி.

பேட்டிங்குக்கும் குறைவில்லை. டெஸ்ட்டில் இந்தியர்கள் அடித்த முச்சதங்கள் மொத்தம் மூன்று. அதில் இரண்டு சேப்பாக்கத்தில். 2008-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 319, 2016-ல் இங்கிலாந்துக்கு எதிராக கருண் நாயர் அவுட் ஆகாமல் 303.

அந்த 2016 ஆட்டத்துக்குப் பின்னால் மைதான ஊழியர்களின் கதை ஒன்று இருக்கிறது. டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. மைதானத்தில் சைட்ஸ்கிரீன் (பந்துவீச்சாளருக்குப் பின்னால் நிற்கும் பெரிய திரை) போனது, விளக்குகள் சேதமாயின, சுற்றிலும் மரங்கள் சாய்ந்தன. 16-ம் தேதி டெஸ்ட். ஈரமான பிட்சைத் தட்டுகளில் எரியும் கரியை வைத்துக் காய வைத்தார்கள். சொன்ன தேதியில் ஆட்டம் தொடங்கியது. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759 எடுத்து டிக்ளேர் செய்தது. கட்டடத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஒரு கேட்டுக்காவது மைதான ஊழியர்கள் பெயரை வைக்கலாம்.

'சென்னை ரசிகர்கள் நல்ல ரசிகர்கள்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும், கடைசி விக்கெட்டுகள் சரிய, இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஒரு நிமிடம் மைதானம் உறைந்தது. அப்புறம் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1997-ல், சயீத் அன்வர் 194 அடித்து ஒருநாள் உலக சாதனை படைத்தபோதும் இதே கூட்டம் எழுந்து கைதட்டியது.

எப்போதுமே இப்படியா என்றால், இல்லை. 2023 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் தோற்கடித்த இரவில் கேலரி முழுக்க ஆப்கன் பக்கம்தான் இருந்தது.

பெண்கள் டெஸ்ட் இங்கே நடந்திருக்கிறதா?

1976-ல் ஒருமுறை. அப்புறம் 2024 ஜூன் வரை இல்லை. அந்த இரண்டாவது ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205 அடித்தார். அவரும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 சேர்த்தார்கள். இந்தியாவின் 603 ரன் பெண்கள் டெஸ்ட்டில் ஒரு அணி எடுத்த அதிகபட்சம். ஸ்நேஹ் ராணா முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட். 48 ஆண்டு இடைவெளிக்கு என்ன சாக்கு சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மைதானத்துக்கு எப்படிப் போவது?

வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேட்ச் நாளில் வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் ஸ்டேடியத்தை ஒட்டியே இருக்கிறது. கடற்கரை நிலையத்தில் இருந்து சேப்பாக்கம் வரையான அந்தத் தடம் 1995-ல் திறந்தது. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்துவிடலாம். ஐபிஎல் ஆட்டங்களுக்கு மேட்ச் டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டாகக் காட்டலாம் என்ற ஏற்பாடு 2023-ல் இருந்து வந்தது. உங்கள் ஆட்டத்துக்கு அது உண்டா என்பதை டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டாண்டுக்கு எந்த கேட் என்பதும் அதிலேயே அச்சிட்டிருக்கும். தப்பான கேட்டில் நின்றால் ஏறத்தாழ ஸ்டேடியத்தை முழுக்கச் சுற்ற வேண்டிவரும்.